பதினோராவது டேக்

பெருந்துறை பைபாஸ் ஓரம்
நான் முடிக்காமல் விட்ட அதே காலேஜ்.
அதே ஆடிட்டோரியம், அதே கிறீச்சிடும் மின்விசிறி.
பட்டமளிப்புக் காட்சிக்கு இருநூறு தலை வேணுமென்று
கோபியிலிருந்து வேன் வேனாக அள்ளி வந்தார்கள்.
எனக்கு மூன்றாம் வரிசை. கறுப்பு அங்கி.
அங்கிக்குள் எனக்கு முன்னால் போட்டவன் வியர்வை.
அறுநூறு ரூபாய், மத்தியானம் தக்காளிச் சோறு,
மேடைக்குப் போய் வாங்கி வந்து
ஒரே ஒரு வசனம்:
"அம்மா, நான் பாஸாயிட்டேன்."

ஆள் பொறுக்க வந்தவர்
உயரம் கேட்டார். புல்லட் ஓட்டத் தெரியுமா என்றார்.
திரும்பு, சிரி, கோபப்படு என்றார்.
என்ன படிச்சிருக்கே என்று கேட்கவேயில்லை.
பதில் தயாராக வைத்திருந்தேன்;
தொண்டையில் கொஞ்சம் நின்றுவிட்டு
கீழே இறங்கிப் போயிற்று.

படிப்பைக் கேட்டதெல்லாம் வேறு ஆட்கள்.
ரூம் வாடகைக்குப் போனபோது வீட்டுக்காரம்மா.
பைக் லோனுக்கு பேங்க்காரர்.
அக்காவைப் பார்க்க வந்த கவுந்தப்பாடிக்காரர்கள்:
"பையன் என்னுங்க பண்றான்?"
அப்பா சொன்னார்: "இஞ்சினீருங்க."
காப்பி குடித்து முடியும்வரை
அவர் முகத்தில் ஓர் அசைவில்லை.
எங்கள் வீட்டில் முதலில் நடித்தது
அவர்தான்.

நான் எங்கே கற்றேன் என்று யாராவது கேட்டால்
தெர்மல் லேப் வைவாவைச் சொல்வேன்.
வெளியூர் எக்ஸாமினர் கேட்ட கேள்வி
எந்த மொழி என்றே விளங்கவில்லை.
புருவம் சுருக்கினேன், மேலே பார்த்தேன்,
தெரிந்த ஒன்றை மறந்தவன் போல
நெற்றியைத் தட்டினேன்.
பத்துக்கு ஆறு போட்டார்.
அந்த செமஸ்டரில் தேறியது அது ஒன்றுதான்.

அம்மாவாக வந்தவள் பழனாத்தாள்.
திருப்பூரில் பனியன் செக்கிங். ஐந்தாவதோடு நிறுத்திவிட்டார்களாம்.
ஆக்‌ஷன் என்றதும் பொலபொலவென்று கொட்டியது.
எப்படிங்க்கா என்றேன்.
"நைட்டு ஷிப்டு முடிச்சு நேரா வந்தேன் சாமி,
கண்ணு எரியுது."
நாலாவது டேக்கில் என் கன்னத்தைத் தொட்டு
வசனத்தில் இல்லாததைக் கேட்டாள்:
"நெசமாலுமே பாஸாயிட்டயா?"
கட். யாரும்மா அது, சொந்தமா பேசறது?

நான்காம் வரிசையில் தருண்குமார்.
என்னோடு சேர்ந்தவன், எல்லாவற்றிலும் எழுபத்தைந்துக்கு மேல்.
கோயமுத்தூரில் பம்பு கம்பெனி;
வயிற்றுவலி என்று லீவு சொல்லி வந்திருக்கிறான்.
அவனுக்கும் அறுநூறு. அவனுக்கும் தக்காளிச் சோறு.
காமிரா அவனைத் தொடவேயில்லை, என் தோள் மறைத்தது.
அதில் எனக்கொரு சந்தோஷம், பொய் சொல்வானேன்.
ஆனால் திங்கட்கிழமை அவனுக்கு ஒரு நாற்காலி உண்டு.
போன வருஷம் எனக்கு ஷூட்டிங் பத்தொன்பது நாள்.
மிச்சம் முந்நூற்று நாற்பத்தாறு நாளில்
நடிக்கத்தான் பட்டம் வேணுமோ
என்னவோ.

பரீட்சைப் பிரிவு பொங்கியண்ணன் சார்
கிளார்க் வேஷத்துக்கு நின்றிருந்தார்.
முகத்தில் கிளார்க் களை இல்லையென்று ஒதுக்கிவிட்டு
பொள்ளாச்சி இளநீர் வியாபாரி ஒருவரை நிறுத்தினார்கள்.
ஓரமாய் நின்று என்னையே பார்த்தவர்
"அறுபத்தி மூணுதானே நீ?" என்றார்.
பேரில்லை, நம்பர்.
"நாலு பேப்பர் நிக்குது. ஏப்ரலோட சான்ஸ் முடியுது, பாத்துக்க."

பதினொரு டேக்.
பதினொரு தடவை பட்டம் வாங்கினேன்.
பதினொரு தடவையும் கைதட்டினார்கள், தருண்குமார் உட்பட.
கடைசியில் ரிப்பனை உருவிப் பார்த்தேன்:
சுருளுக்குள் நாளைய கால்ஷீட்.
ஆஸ்பத்திரி வார்டு. நோயாளிகள் முப்பது பேர்.

அங்கியைத் திருப்பிக் கொடுத்து
கையெழுத்துப் போட்டுப் பணம் வாங்கிக்கொண்டு
ஆபீஸ் ரூம் பக்கம் போனேன். விளக்கு எரிந்தது.
ஒரு பேப்பருக்கு இருநூறாம்.
மூன்று எழுதலாம்.
நாலாவதுக்கு
நாளை நோயாளியாய்ப் படுக்கவேண்டும்.